செட்டில் ஆவதும் செட்டில் பண்ணுவதும்

போன வாரம் பெர்ன்ஹில் டீக்கடையில் அரை மணி நேரத்துக்குள் ஒரே ஆங்கில வினைச்சொல்லை இரண்டு பேர் சொல்லக் கேட்டேன்.

முதலில் கடைக்கார அண்ணன். "அப்புறம் சார், இங்கேயே செட்டில் ஆயிட்டீங்களா?" பெங்களூரு கம்பெனி வேலையை இங்கிருந்து லேப்டாப்பில் பார்க்கிறவன் நான். இருப்பது வாடகை வீடு, பதினோரு மாச அக்ரிமென்ட். இருந்தாலும், "ஆமாண்ணா, ஆன மாதிரிதான்" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

அடுத்தது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவராகவே சொன்னார்: "எனக்கு செட்டில்மென்ட் குடுத்துட்டாங்க தம்பி. இனி எங்க போயி செட்டில் ஆகறதுன்னுதான் தெரியல."

பதினோரு மாச அக்ரிமென்ட்காரன் செட்டில் ஆனவன். ஒரே லைன் வீட்டில் முப்பது வருஷம் இருந்தவர் செட்டில் ஆகாதவர். வீட்டுக்கு வந்தும் இது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்தச் சொல்லைப் பத்தி ரொம்ப நாளாகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

அர்த்தப் பட்டியல்களின் குறை

'செட்டில் என்றால் தமிழில் என்ன?' என்று தேடினால் ஒரு பட்டியல் கிடைக்கும். குடியேறு, நிலைபெறு, தீர்த்துவை, கணக்கை முடி, ஒப்புக்கொள், படி, அடங்கு. இதில் தப்பு எதுவும் இல்லை. குடும்பம் குடியேறும், சண்டை தீரும், பாக்கி முடியும், டிகாஷனில் தூள் அடியில் படியும், குழந்தையின் அழுகை அடங்கும். ஆங்கிலம் ஒரே சொல்லால் சமாளிக்கிற இடத்தில் நம்மிடம் ஏழெட்டு சொற்கள் இருக்கின்றன. தமிழின் வளம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 'அப்புறம் எதுக்கு செட்டில்னு சொல்றீங்க, நிலைபெறுன்னு சொல்லக்கூடாதா?' என்ற அறிவுரையும் கூடவே வரும்.

என் புகார், இந்தப் பட்டியல்கள் சொல்லுக்குச் சொல் மட்டுமே தருகின்றன என்பதுதான். வினைச்சொல் என்றால் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்கிறார், அல்லது யாருக்கோ ஏதோ ஒன்று நடக்கிறது. அந்த 'யார்' என்ற தகவல் பட்டியலில் கிடையாது. 'செட்டில்' விஷயத்தில் முக்கியமே அந்தத் தகவல்தான்.

ஆங்கிலத்தில் இதன் வேர் உட்காருவதில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'செட்ல்' என்றால் இருக்கை. 'சிட்', 'செட்', 'சீட்' எல்லாம் இதன் பங்காளிகள். உயரமான முதுகுப்பலகை வைத்த மர பெஞ்சுக்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில் 'செட்டில்' என்றுதான் பேர். சமாதானம் பண்ணுவதைக் குறித்த வேறொரு பழைய சொல்லும் காலப்போக்கில் இதோடு கலந்துவிட்டது. வழக்கை முடிக்கிற அர்த்தம் பலப்பட்டதில் அதற்கும் பங்கு உண்டு.

நம்ம 'இரு'வும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். 'இருங்க' என்றால் உட்காருங்கள், பொறுங்கள், தங்குங்கள். 'எங்க இருக்கீங்க?' என்றால் குடியிருப்பது எங்கே என்று கேள்வி. குடியிருப்பு என்ற சொல்லே அதிலிருந்துதான். ஆக, உட்காருகிற வினை வாழ்கிற வினையாக மாறுவது இரண்டு மொழிக்கும் பொது. வித்தியாசம் வேற இடத்தில் இருக்கிறது.

ஆகு, பண்ணு

ஆங்கிலத்தில் 'செட்டில்' தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும், உருவம் மாறாது. நானாகப் போய் உட்கார்ந்தாலும் அதே சொல், என்னை ஒருவர் கொண்டுபோய் உட்கார வைத்தாலும் அதே சொல். தமிழில் அப்படி இல்லை. அமர் வேறு, அமர்த்து வேறு. அடங்கு வேறு, அடக்கு வேறு. திருந்து வேறு, திருத்து வேறு. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் பண்ணினது இதைத்தான்.

இந்தச் சொல்லை இரவல் வாங்கினபோது தமிழ் வாய் அதை அப்படியே வாங்கவில்லை. இரண்டாகப் பிளந்துதான் வாங்கியது. 'செட்டில் ஆகு', 'செட்டில் பண்ணு'. அதாவது அமர், அமர்த்து. இரவல் சொல்லுக்குள்ளே நம்ம இலக்கணம் குறுக்குச்சுவர் கட்டிவிட்டது. இதற்கு முந்தின இரவலான 'பைசல்' என்ற சொல்லுக்கும் இதையேதான் செய்தோம்: கடன் பைசலாச்சு, கடனைப் பைசல் பண்ணியாச்சு. அந்த வேலையின் பெரும்பகுதியைப் பிறகு 'செட்டில்' எடுத்துக்கொண்டது.

இதோடு துணைவினைகளும் சேரும். 'நீங்களே பேசி செட்டில் பண்ணிக்கோங்க' என்றால் 'எங்களை இழுக்காதே' என்று அர்த்தம். 'செட்டில் பண்ணி வெச்சுட்டேன்' என்றால் செய்தவர் ஒருவர், பலன் இன்னொருத்தருக்கு. 'அவன் கணக்கை செட்டில் பண்ணிடு' என்று சினிமா வில்லன் சொன்னால் கணக்கு நோட்டைத் தேட வேண்டாம், ஆளைக் காலி பண்ணச் சொல்கிறான்.

வாங்காமல் விட்டதையும் பார்க்கணும். கிடைத்தது போதும் என்று மனசில்லாமல் ஒத்துக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான், பின்னால் ஒரு சின்ன சொல்லைச் சேர்ப்பார்கள். அந்த அர்த்தத்தை நாம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அந்த இடத்தில் நமக்கு 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' இருக்கிறது. அதனால் நம்ம 'செட்டில்' எப்பவுமே வெற்றியைக் குறிக்கிறது. ஒருவரின் வாழ்க்கைக்கு மார்க் போடுகிற சொல் அது. 'பையன் செட்டில் ஆயிட்டானா?'

இப்போது இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். எல்லார் வீட்டிலும் கேட்டதுதான். "பையன் யு.எஸ்-ல செட்டில் ஆயிட்டான். பொண்ணை நல்ல இடத்துல செட்டில் பண்ணிட்டோம்." பையனுக்கு 'ஆகு', பொண்ணுக்கு 'பண்ணு'. அவள் சம்பாதிக்கிறவளாக இருந்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். யாரும் திட்டம் போட்டுப் பேசுவதில்லை, வாயில் அப்படி வருகிறது. நான் சொல்ல வருவது இதுதான்: யார் தானாக அமர்ந்தார், யாரை அமர்த்தினார்கள் என்பதைத் தமிழ்ப் பேச்சு தெரியாமலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலச் சொல் அதை மூடிவைக்கும்.

மலை மேலே இந்தச் சொல்

நீலகிரி வரலாற்றில் இந்தச் சொல் எத்தனை இடத்தில் மூடிவைக்கிற வேலையைச் செய்திருக்கிறது என்று பார்க்கும்போது கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கிறது.

கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறினார். 1822-ல் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் என்ற கல் பங்களாவைக் கட்ட ஆரம்பித்தார். அது இன்றைக்கு அரசு கலைக்கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. இந்தக் காலத்தைப் பத்தி ஆங்கிலத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம், மலைதான் எழுவாய், 'செட்டில்' அதன் செயப்பாட்டு வினை. அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'மலை செட்டில் பண்ணப்பட்டது.' சிரிப்பு வரும். தமிழ் உடனே கேட்கும்: யாரு, யாரோட மலையிலே?

தோடர்களின் ஊரை 'மந்து' என்கிறோம். உதகமண்டலம் என்ற பேருக்குள் இருப்பதும் அந்த மந்துதான். ஆங்கிலப் பதிவுகளில் அதையும் 'செட்டில்மென்ட்' என்றே எழுதினார்கள். ஆனால் எருமை வளர்க்கிற சமூகம் வருஷம் பூராவும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. மேய்ச்சல் குறையும் காலத்தில் வேறு மந்துக்குப் போவார்கள். ஆள் இல்லாத மந்து கைவிட்ட மந்து ஆகாது, மேயாத புல்வெளி காலி நிலமும் ஆகாது. 'உட்கார்ந்திருக்கிற இடம்தான் ஊர்' என்று அர்த்தம் தருகிற ஒரு சொல்லால் இதை அளந்தால் மேய்ச்சல் நிலம் முழுக்க யாருக்கும் சொந்தமில்லாததாகத் தெரியும். தோடர்களுக்கு நில உரிமை உண்டு என்று சல்லிவனே வாதாடினார். ஆனால் இங்கே நிறைய நிலம் சேர்த்த ஐரோப்பியரும் அவர்தான்.

அப்புறம் ரெவின்யூ 'செட்டில்மென்ட்'. எந்த நிலம், யார் பேரில், எவ்வளவு வரி என்று முடிவு கட்டுவது. 1793-ல் வங்காளத்தில் ஜமீன்தார்களோடு நிரந்தரமாகக் கட்டினார்கள். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தாமஸ் மன்றோவின் ரயத்துவாரி முறைப்படி விவசாயியோடு நேரடியாகக் கட்டினார்கள். இதற்குத் தமிழ் கொடுத்த சொல் அருமையானது: தீர்வை. 'தீர்' என்ற வினையிலிருந்து வந்தது. இன்றைக்கும் நிலத் தகராறு என்றால் வக்கீல் முதலில் கேட்கிற காகிதங்களில் எஸ்.எல்.ஆர். ஒன்று, அதாவது செட்டில்மென்ட் நிலப் பதிவேடு.

தீர்வை வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று இல்லை. கூடலூர் பக்கம் போனால் 'செக்‌ஷன் 17 நிலம்' என்று காதில் விழும். 1969-ல் வந்த கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அது. ஜன்மிகளின் நிலத்தை ரயத்துவாரிக்கு மாற்றுவதற்காக வந்த சட்டம். அதில் செட்டில்மென்ட் ஆபீசர் என்றே ஒரு பதவி உண்டு. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த நிலத்தில் இருக்கிற பலருக்கு பட்டா இல்லை. செட்டில்மென்ட் ஆபீசர் வந்துபோன ஊரில் செட்டில் ஆகாத குடும்பங்கள்.

இதைவிடக் கொடுமையான அர்த்தமும் ஒன்று உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வந்தது, 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அதன் கீழ் சில சமூகங்களைப் பிடித்து, கண்காணிப்பில் அடைத்து வைத்த இடங்களுக்கு 'செட்டில்மென்ட்' என்றுதான் பேர். அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த ஸ்டூவர்ட்புரம் அப்படி ஒரு இடம். அங்கே யாரும் செட்டில் ஆகவில்லை. செட்டில் பண்ணினார்கள். 'ஆகு', 'பண்ணு' இரண்டில் ஒன்றைப் போட்டுப் பார்த்தாலே உண்மை வெளியே வந்துவிடுகிறது.

சிலோன்காரங்க

நீலகிரியில் இந்தச் சொல்லின் பாரம் அதிகமாக இறங்கியது மலையகத் தமிழர்கள் மேல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கணக்கில் எடுத்துக்கொண்டது 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பங்கு பிரித்தார்கள்.

இரண்டு அரசுகளுக்கு நடுவில் பிரச்சினை செட்டில் ஆனது. வாக்கியத்தில் எழுவாய் 'பிரச்சினை'. அந்தப் பிரச்சினை என்பது மனிதர்கள்.

அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகத்தான் தமிழக அரசு 1968-ல் நீலகிரியில் தேயிலைத் திட்டம் ஆரம்பித்தது. 1970-களின் நடுவில் அது டான்டீ என்ற கழகமானது. ஆவணத் தமிழில் இவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. பார்த்தே இராத ஊருக்குத் திரும்புவது எப்படி என்று அந்தச் சொல் கேட்டுக்கொள்வதில்லை. அடுத்து, 'குடியமர்த்தப்பட்டனர்' என்று எழுதுவார்கள். இதில் பாதி நேர்மை இருக்கிறது, 'அமர்த்து' என்ற பிறவினை தெரிகிறது. மீதி பாதியை 'படு' விழுங்கிவிடுகிறது, அமர்த்தியது யார் என்பது காணாமல் போகிறது. ஆக, தமிழிலும் மூடிவைக்க முடியும். நான் தமிழுக்கு மட்டும் சர்டிபிகேட் கொடுக்க வரவில்லை.

2022-ல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தர அரசு ஆணை வந்தது. அங்கே இருந்தவர்களுக்குள் பழைய கேள்வி திரும்ப எழுந்தது. நாங்க இங்க செட்டில் ஆனவங்களா, இல்ல எங்களைக் கொஞ்ச நாளைக்கு செட்டில் பண்ணி வெச்சிருந்தாங்களா?

டீக்கடை அம்மாவின் கணக்கு

அந்த அம்மா சிலோனிலிருந்து வந்தவர் இல்லை, சமவெளியிலிருந்து கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்தவர். ஆனால் அவருக்கும் இதே இலக்கணம்தான்.

எஸ்டேட் பேச்சில் 'செட்டில்மென்ட்' என்றால் ரிட்டயர் ஆகும்போது கைக்கு வரும் மொத்தப் பணம். அதில் பெரிய பங்கு கிராஜுவிட்டி. 1972-ஆம் வருஷச் சட்டம் போட்டுக்கொடுத்த கணக்குப்படி, ஒரு வருஷ சர்வீசுக்குப் பதினைந்து நாள் கூலி. நாள் கூலி 400 ரூபாய், சர்வீஸ் 30 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400-ஐப் பதினைந்தால் பெருக்கி, முப்பதால் பெருக்கினால் 1,80,000 ரூபாய். பி.எஃப். தனி.

வீடு? 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு தரவேண்டும் என்றது. தொழிலாளிக்கு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பிள்ளைகளில் ஒருவர் அதே எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தால் லைன் வீடு கையில் நிற்கும், இல்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். அந்த அம்மாவின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். வீட்டைக் காலி பண்ணினதுக்கு அப்புறம்தான் பணம் கைக்கு வந்ததாம். 1,80,000 ரூபாயில் ஊட்டி பக்கத்தில் ஒரு வீடு வாங்க முடியாது.

ஆக இந்த மலையில் 'செட்டில்மென்ட்' வாங்குவது என்றால் இருக்கிற இடத்தை விட்டு எழுந்திருப்பது. இருக்கை என்ற அர்த்தத்தில் பிறந்த சொல், கடைசியில் எழுப்பி விடுகிற சொல்லாக ஆகியிருக்கிறது. அந்த அம்மா இரண்டு 'செட்டில்'களையும் ஒரே மூச்சில் சொன்னபோது அதைத்தான் சொன்னார். செட்டில்மென்ட் 'குடுத்துட்டாங்க', அங்கே செய்தவர்கள் 'அவங்க'. 'செட்டில் ஆகறது', அங்கே செய்யவேண்டியது இவர், ஆனால் முடியவில்லை. எந்த அர்த்தப் பட்டியலிலும் இது கிடைக்காது.

ஒரு ஆட்சேபணை

ஒரு சாதாரணச் சொல்லுக்கு இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டீக்கடை அண்ணன் குசலம் விசாரித்தார், அவ்வளவுதான். 'செட்டில்' என்று சொல்லும் ஒவ்வொருவரும் சல்லிவனையும் சாஸ்திரியையும் நினைத்துக்கொண்டு சொல்வதில்லை. சொல்லை மாற்றினால் பட்டாவும் வந்துவிடாது. அதனால் 'செட்டில் வேண்டாம், நிலைபெறு என்று சொல்லுங்கள்' என்ற பிரசாரத்தில் எனக்கு ஆர்வமில்லை. 'நிலைபெறு' என்று மாற்றி எழுதினால் அந்த 'பண்ணு' காணாமல்தான் போகும். கலப்புத் தமிழ் என்று திட்டு வாங்குகிற 'செட்டில் பண்ணிட்டாங்க', தனித்தமிழ் 'நிலைபெற்றனர்'-ஐ விட இந்த விஷயத்தில் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம். மொழிபெயர்க்கும்போதும் செய்தி எழுதும்போதும் இந்தச் சொல் வந்தால் 'ஆகு'வா 'பண்ணு'வா என்று ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். 'பண்ணு' என்றால் பண்ணியது யார் என்பதையும் எழுதிவிடுங்கள்.

என் தொழிலிலும் இந்தச் சொல் உண்டு. பேமென்ட் மென்பொருளில் ஒரு பரிவர்த்தனையின் கடைசி நிலைக்குப் பேர் 'செட்டில்ட்'. பங்குச் சந்தையில் 2023 ஜனவரியிலிருந்து வாங்கின மறுநாளே செட்டில் ஆகிவிடுகிறது. அந்த நிலைக்கு வந்த பதிவை யாரும் திருத்தக்கூடாது. பணம் திரும்ப வேண்டும் என்றால் புதுசாக இன்னொரு பரிவர்த்தனை போடணும், பழையது மூடியது மூடியதுதான். வருஷக்கணக்காக இந்த கோடு எழுதியிருக்கிறேன், அந்தப் பேர் ஒரு தடவை கூட உறுத்தியதில்லை. பணத்துக்கு அது சரியான சொல். எஸ்டேட் ஆபீஸ் லெட்ஜரிலும் அந்த அம்மாவின் பேருக்கு நேரே அதே சொல்தான் இருக்கும்.

நேற்று கடையில் அவரைக் காணவில்லை. "திருப்பூருக்குப் போயிட்டாங்க சார், மகன் வீட்டுக்கு" என்றார் அண்ணன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார்: "அங்க செட்டில் ஆயிடுவாங்களான்னு தெரியல. குளிருக்குப் பழகின உடம்பு."